வெப்சைட் இருக்கு, கூகுளில் இல்லையா? பணம் கட்டும் முன் நீங்களே செய்ய வேண்டிய தணிக்கை

நம் உழவர்களில் பலர் இன்று அரிசி, பருப்பு, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை என்று விளைந்ததை நேரடியாக விற்கச் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். கூட்டங்களில் பார்க்கும்போது அவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "சார், வெப்சைட் போட்டு ஒரு வருஷம் ஆச்சு. கூகுள்ல தேடினா நம்ம பேரே வரமாட்டேங்குது. முதல் இடத்துக்குக் கொண்டு வர்றோம்னு ஒரு கம்பெனிக்காரங்க மாசாமாசம் பணம் கேக்கறாங்க. கட்டலாமா?"

இப்போது கட்டாதீங்க என்பதுதான் என் பதில். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுத்து மேலே வருவது விளம்பரம். அது தனிக் கணக்கு. விளம்பரம் அல்லாத தேடல் முடிவுகளில் இடம் தர கூகுள் யாரிடமும் காசு வாங்குவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நண்பர்கள் காட்டிய தளங்களை உட்கார்ந்து பார்த்ததில், அவை பின்வரிசையில் இருப்பது பிரச்சினையாக இல்லை. கூகுள் அந்தப் பக்கங்களைப் படிக்கவே இல்லை, அல்லது படித்தும் அதற்குப் புரியவில்லை. வங்கியில் கடன் மனு வந்தால் முதலில் ஆவணங்களைச் சரிபார்ப்போம், அப்புறம்தான் வட்டியைப் பேசுவோம். அதே வரிசையை இங்கேயும் பிடிக்கலாம்.

கூகுள் செய்யும் மூன்று வேலைகள்

ஒன்று, கூகுள்பாட் என்ற மென்பொருள் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் பார்க்கிறது. இரண்டு, பார்த்ததைப் படித்து, எந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தன் பேரேட்டில் பதிகிறது. மூன்று, யாராவது தேடும்போது அந்தப் பேரேட்டைப் புரட்டி, பொருத்தமானதை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. முதல் இரண்டும் நடக்காமல் மூன்றாவது நடக்காது. பேரேட்டில் பெயரே இல்லாதவருக்கு முன்வரிசை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்டால் அதில் என்ன அர்த்தம்? கீழே உள்ள ஏழையும் வரிசையாகப் பாருங்க.

1. பட்டா யார் பேரில்?

தளத்தின் முகவரிப் பெயரை டொமைன் என்கிறோம். அது உங்கள் பேரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் பதிவாகி இருக்கணும். தளம் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே பதிவு செய்துவிடுவது சகஜம். அவர் போனை எடுக்காத அன்றுதான் அது நமக்குத் தெரியவரும். டொமைன் சொத்து அல்ல, குத்தகை மாதிரி. கெடு முடிவதற்குள் கட்டிப் புதுப்பிக்கணும். விட்டுவிட்டால் சலுகைக் காலம் கழிந்து வேறு யாரும் அதை வாங்கிக்கொள்ளலாம். பல வருஷமாக நீங்கள் சேர்த்த பெயர் அவருக்குப் போய்விடும். வில்லங்கம் பார்க்காமல் நிலம் வாங்குவோமா? இதையும் அப்படியே பாருங்க.

2. பேரேட்டில் பெயர் இருக்கிறதா?

கூகுள் தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்க. உங்கள் தளத்தில் கூகுளுக்குத் தெரிந்த பக்கங்கள் வரும். இது தோராயம்தான். ஆனால் ஒன்றுமே வரவில்லை என்றால் விஷயம் என்ன என்று அப்போதே தெரிந்துவிடும்.

சரியான கணக்கு வேண்டுமானால் கூகுள் சர்ச் கன்சோல் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்து உள்ளே போனால், எந்தப் பக்கம் பதிவாகியிருக்கிறது, எது ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று பட்டியல் போட்டுக் காட்டும். மக்கள் என்ன சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்பதையும் கடந்த 16 மாதங்களுக்குக் காட்டும். இதை நான் பாஸ்புக் என்பேன். தளம் செய்து தருபவரிடம் இருந்தால் போதாது, உங்களிடம் இருக்கணும். தளத்தின் எல்லாப் பக்க முகவரிகளும் அடங்கிய சைட்மேப் என்ற பட்டியலையும் இதன் வழியாகவே கூகுளுக்குக் கொடுக்கலாம்.

3. வாசலில் பூட்டு தொங்குகிறதா?

ஒவ்வொரு தளத்திலும் ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று ஒரு சின்னக் கோப்பு வைக்கலாம். 1994-ல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் முன்வைத்த முறை இது. தேடுபொறிகள் எந்தப் பக்கம் வரலாம், எந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லும் அறிவிப்புப் பலகை. அதில் 'டிஸ்அலவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் இருந்தால், மொத்தத் தளத்துக்கும் வராதே என்று பொருள்.

இன்னொரு பூட்டு 'நோ-இண்டெக்ஸ்' என்ற குறிப்பு. அது பக்கத்துக்குள் இருக்கும். படித்துக்கொள், பேரேட்டில் ஏற்றாதே என்று அது சொல்கிறது. தளம் தயாராகிக்கொண்டிருக்கும்போது இந்தப் பூட்டுகளைப் போடுவது நியாயம்தான். வேலை முடிந்த பிறகு எடுக்க மறந்துவிடுகிறார்கள். பாரம்பரிய நெல் விற்கும் நண்பர் ஒருவரின் தளம் பதினான்கு மாதம் இப்படித்தான் கிடந்தது. வேர்ட்பிரஸில் செய்த தளம் என்றால் 'செட்டிங்ஸ்' போய் 'ரீடிங்' பகுதியைத் திறங்க. தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்க. அவ்வளவுதான் வேலை.

4. எழுத்து, எழுத்தாக இருக்கிறதா?

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் இது. அச்சகங்களில் இன்றும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரையை அப்படியே தளத்தில் ஏற்றினால், நம் கண்ணுக்குத்தான் அது தமிழ். பாமினியில் 'அம்மா' என்ற சொல் கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற குறிகளாகத்தான் கிடக்கும். கூகுள் அதைத்தான் படிக்கும். அம்மா என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் எப்படிக் கிடைக்கும்? தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்துங்க.

அடுத்தது, படமாகப் போட்ட விலைப்பட்டியல். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸையே தளத்திலும் ஒட்டிவிடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. பொருளின் பெயர், எடை, விலை, ஊர், தொடர்பு எண் எல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும். படம் போட்டால் அது என்ன படம் என்று சொல்லும் 'ஆல்ட்' குறிப்பை எழுதுங்க. "தூயமல்லி நெல் அறுவடை" என்று நாலு சொல் போதும். கண்பார்வை இல்லாதவர்கள் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளுக்கும் அதே குறிப்புதான் உதவும்.

5. பக்கத்தின் பெயர்ப்பலகை

தேடல் முடிவில் நீல எழுத்தில் வருகிற வரி பெரும்பாலும் பக்கத்தின் 'டைட்டில்' குறிப்பிலிருந்து எடுக்கப்படுவது. பல தளங்களில் எல்லாப் பக்கத்துக்கும் 'ஹோம்' என்றோ, வெறும் பண்ணைப் பெயரோதான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேணும். பொருள், வகை, ஊர் என மூன்றும் வந்துவிட்டால் நல்லது.

ஒரே பொருளை மக்கள் பல விதமாகத் தட்டுகிறார்கள். 'கருப்பு கவுனி' என்பார் ஒருவர், 'கறுப்புக் கவுனி' என்பார் இன்னொருவர், ஆங்கில எழுத்தில் தட்டுவார் மூன்றாமவர். ஓரிரு இடத்தில் இந்த வடிவங்களை இயல்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காக ஒரே சொல்லை இருபது தடவை திணிக்க வேண்டாம். வாசிக்கிறவருக்கு எரிச்சல், கூகுளும் அதை மோசடியாகவே கருதுகிறது.

6. கைபேசியில் திறக்கிறதா?

கூகுள் இப்போது தளத்தின் கைபேசி வடிவத்தைத்தான் படித்துப் பதிகிறது. 2016-ல் அறிவித்து, 2023-ல் இந்த மாற்றத்தை முடித்தார்கள். அதனால் கணினித் திரையில் அழகாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிட வேண்டாம். உங்கள் போனில், வயலில் நின்று, கிடைக்கிற சிக்னலில் திறந்து பாருங்க.

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் மூன்று அளவுகள் வரும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரியணும். பொத்தானைத் தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு தெரியணும். படிக்கும்போது வரிகள் குதிக்கக் கூடாது. அந்தக் குதிப்பு அளவு 0.1-க்குள் இருக்கணும். நம் தளங்களில் வேகத்தைக் கெடுப்பது அநேகமாகப் புகைப்படங்கள்தான். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும். 150, 200 கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்றினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

முகவரி முன்னால் ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பு இருக்கணும். 2014 முதலே தரவரிசையில் அது ஒரு சிறு காரணி. அதைவிட முக்கியம், 2018-லிருந்து குரோம் உலாவி அது இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது. அதைப் பார்த்தால் யார் பணம் அனுப்புவார்? லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகிறது.

7. சரக்கு தீர்ந்தால் பக்கத்தை அழிக்காதீர்கள்

இது விவசாயிகளுக்கென்றே சொல்ல வேண்டியது. நம் சரக்கு பருவத்துக்குத்தான் வரும். நெல் தீர்ந்ததும் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு, அடுத்த தையில் புதுப் பக்கம் போடுகிறோம். ஒரு வருஷமாகக் கூகுள் பதிந்து வைத்ததும், யாரோ தங்கள் பக்கத்தில் கொடுத்திருந்த இணைப்பும் அதோடு போய்விடுகிறது. தேடி வருகிறவருக்கு 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்புதான் மிஞ்சும். பக்கம் அப்படியே இருக்கட்டும். "சரக்கு தீர்ந்தது. அடுத்த அறுவடை தை மாதம். எண்ணைப் பதிந்து வையுங்கள், அழைக்கிறோம்" என்று இரண்டு வரி எழுதுங்க. முகவரியை மாற்றியே ஆகணும் என்றால் 301 என்ற நிரந்தரத் திருப்பத்தைப் போடச் சொல்லுங்க. வீடு மாறியவர் தபால் நிலையத்தில் புது முகவரி எழுதிக் கொடுப்பது போலத்தான் அது. தளத்தைப் புது வடிவத்துக்கு மாற்றும்போதும் இதை எழுத்துபூர்வமாகவே கேட்டு வாங்குங்க.

எதற்குப் பணம் கட்டக் கூடாது?

'மெட்டா கீவேர்ட்ஸ்' எழுதித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்க. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ஆயிரம் இணைப்பு வாங்கித் தருகிறோம் என்றாலும் வேண்டாம். விலைக்கு வாங்கிய இணைப்புகளை மடக்கத்தான் 2012-ல் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. செயற்கை நுண்ணறிவை வைத்து நூறு கட்டுரை போட்டுத் தருகிறோம் என்பது இப்போதைய வியாபாரம். தேடலில் இடம்பிடிக்க மட்டும் மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் மோசடிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தண்டனை வந்தால் அது உங்கள் டொமைனுக்குத்தான், அந்தக் கம்பெனிக்கு அல்ல.

காசு கொடுக்க வேண்டிய வேலையும் உண்டு. பூட்டை எடுப்பது, திருப்பம் போடுவது, வேகத்தைச் சரிசெய்வது இதெல்லாம் தெரிந்தவர் கையில் அரை நாள், ஒரு நாள் வேலை. வேலைக்கு இவ்வளவு என்று பேசி, முடிந்ததைச் சர்ச் கன்சோலில் நீங்களே பார்த்துவிட்டுக் கொடுங்க. மாதச் சந்தா வேண்டாம்.

இத்தனையும் செய்தால் நாளைக்கே முதல் பக்கம் வந்துவிடுமா? வராது. சில மாற்றங்களைக் கூகுள் சில நாளில் கவனிக்கும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். 'அரிசி' என்ற ஒற்றைச் சொல்லில் பெரிய கடைகளை நாம் முந்தப் போவதும் இல்லை. ஆனால் உங்கள் ஊர்ப் பெயரோடு, உங்கள் நெல் ரகத்தின் பெயரோடு தேடுகிற பத்துப் பேருக்கு நீங்கள் கிடைப்பீர்கள். நமக்கு வேண்டியதும் அந்தப் பத்துப் பேர்தான்.

இந்த வாரம் முதல் இரண்டை மட்டும் பாருங்க. டொமைன் யார் பேரில் இருக்கிறது, சர்ச் கன்சோல் யார் கையில் இருக்கிறது? இந்த இரண்டும் உங்களிடம் வந்த பிறகு மற்றதை ஒவ்வொரு வாரமும் ஒன்றாகச் செய்துவிடலாம்.