துணியால் ஏற்றும் மெருகு

பழைய பனியன் துணி, கால் லிட்டர் எண்ணெய் வார்னிஷ், அதே அளவு டர்பன்டைன். ஒரு தேக்கு ஸ்டூலுக்கு மெருகேற்ற இவ்வளவு போதும், மிச்சம்கூட இருக்கும். நீர்க்கக் கலந்த வார்னிஷைத் துணியில் தொட்டுத் துடைப்பதால் படலம் மிக மெல்லியதாக விழுகிறது. பிரஷ் தடம் இல்லை, வழிந்து திரள்வதும் இல்லை. ஆனால் பிரஷ்ஷில் ஒரே கோட்டிங்கில் வரும் கனத்துக்குத் துணியில் மூன்று கோட்டிங்காவது வேண்டும். கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டால் என்.சி. தின்னரைக் கொடுத்துவிடக்கூடும். எண்ணெய் வார்னிஷுக்கு அது ஆகாது. மினரல் டர்பன்டைன் என்றே கேட்டு வாங்க வேண்டும்.

வார்னிஷ் சேர்க்காமல் வெறும் எண்ணெய் பூசுவதும் உண்டு. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகும். ‘பாயில்டு’ லின்சீட் ஆயில் என விற்பது பெரும்பாலும் கொதிக்க வைத்ததல்ல, சீக்கிரம் காய உலோக உப்புகள் கலந்தது. தேங்காய் எண்ணெயோ எத்தனை நாளானாலும் இறுகாது. தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். சாப்பாட்டு மேசைக்கு எண்ணெய் மட்டும் தாங்காது, வார்னிஷ்தான் சரி.

பாதி மெருகு உப்புத்தாளிலேயே முடிந்துவிடும். 120, 180, 220 எனப் படிப்படியாக, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மெல்லிய படலம் எதையும் மறைக்காது. குறுக்கே விழுந்த கீறல் வார்னிஷ் பட்டதும் பளிச்செனத் தெரியும். பலகையின் வெட்டுமுனை அதிகமாக உறிஞ்சிக் கறுக்கும். அங்கே மட்டும் 320 வரை போனால் நிறம் ஒத்துவரும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு; பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைப்பது நல்லது. ஈட்டி மரம் இன்னும் பிடிவாதம். அதிலுள்ள சில பொருள்கள் எண்ணெய் இறுகுவதையே தடுக்கும் என்பதால், மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கோட்டிங் கொடுப்பது வழக்கம்.

முதல் கோட்டிங்கைத் தாராளமாக விட்டு, பத்து நிமிடம் ஊறியதும் மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். அடுத்தடுத்த கோட்டிங்குகளுக்குத் துணியை உள்ளங்கை அளவு மடித்து, நனைந்தும் சொட்டாத பதத்தில், ரேகையோடு நீளவாக்கில் ஒரே இழுப்பு. விளிம்பிலிருந்து தொடங்கினால் துணி பிழிபட்டுப் பக்கவாட்டில் வழியும்; ஓரங்குலம் உள்ளே தொடங்குவது பாதுகாப்பு. விட்டுப்போன இடத்தைத் திரும்பத் தொடவே கூடாது, அடுத்த கோட்டிங் பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கோட்டிங்கும் ஓர் இரவு காய வேண்டும். ஐப்பசி மழையில் இரண்டு நாளும் ஆகலாம். 320 தாளால் லேசாகத் தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிர வேண்டும். தாளில் பிசினாக அப்பினால் காயவில்லை என்று பொருள்.

பூசிய துணியைக் கசக்கி மூலையில் எறிவதுதான் இந்த வேலையின் உண்மையான ஆபத்து. எண்ணெய் ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தேங்கி, நெருப்புப் பொறியே படாமல் தானாகத் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசாவின் 22ஆம் மாடியில் தீ மூண்டது, மரப் பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன லின்சீட் ஆயில் துணிகளிலிருந்துதான். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தனர். வேலை முடிந்ததும் துணியை வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காயப்போட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் அமுக்கி மூட வேண்டும்.