சென்கிளயர் நீர்வீழ்ச்சி



அட்டனிலிருந்து நானுஓயா நோக்கி ஏறும் புகையிரதம் கொட்டகலையைக் கடந்ததும் பிரயாணிகள் சாளரங்களை நாடி நெருங்குவர். தேயிலை போர்த்த மலைச்சரிவினிடையே வெண்டுகில் விரித்தாற்போல் தோன்றும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியைக் காணும் ஆவலே அதற்குக் காரணம். கொத்மலை ஓயா இங்கு ஏறத்தாழ 80 மீற்றர் கீழே வீழ்கின்றது. இலங்கையின் மிக அகன்ற அருவிகளுள் ஒன்றான இதனைச் 'சின்ன நயாகரா' என்றும் அழைப்பர்.

அருவி எவ்வாறு பிறக்கின்றது? ஓடும் நீர் தன் படுகையை ஓயாது அரிக்கின்றது. வெடிப்புற்ற பாறை விரைவில் தேய்கின்றது. உறுதியான பாறை தேயாது படியாக எஞ்சுகின்றது. அப்படியிலிருந்து ஆறு குதிக்குமிடமே அருவி. மிகப் பழைய வன்பாறைகளாலான நம் மலைநாட்டில் அருவிகள் மலிந்திருப்பது இதனாலேயாம்.

சென்கிளயர் என்பது அயலிலுள்ள தேயிலைத் தோட்டத்தின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடழித்துக் கோப்பி நட்டனர். கோப்பியை நோய் அழித்தபின் தேயிலை வந்தது. அதற்கு உழைத்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் மக்கள். பெயர் துரைமாருடையதாயினும், அருவியைச் சூழ்ந்த பசுமை அம்மக்களின் உழைப்பாலானது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கொழுந்து பறிக்கின்றனர்.

உயரத்திலிருந்து வீழும் நீர் கண்ணுக்கு விருந்து. அதுவே மின்வலுவுக்கும் ஊற்று. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின்படி, தலவாக்கலையில் அணை கட்டி ஆற்றை மறித்து, சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கவழியே நீரைக் கொண்டுசெல்கின்றனர். 2012ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நிலையத்தின் வலு 150 மெகாவாற்று. சுரங்கத்துட் செல்லும் நீர் அருவியில் வீழாது. ஆகவே, அருவி வற்றிவிடுமென அஞ்சிப் பலர் நெடுங்காலம் இத்திட்டத்தை எதிர்த்தனர். மின்சாரமின்றித் தொழில் வளராது என்பது மறுதரப்பினர் வாதம். முடிவில், பகற்பொழுதில் அருவிக்கென ஓரளவு நீரைத் திறந்துவிடுவதென ஏற்பாடாயிற்று.

இயற்கை தானே வழங்கிய காட்சியை இன்று மனிதன் அளந்து வழங்குகின்றான். விளக்கேற்றும் நீரும் விழிகுளிரும் நீரும் ஒன்றே. இரண்டையும் இழவாமற் காப்பதே நம் பொறுப்பு. அருவியில் வீழ்ந்த நீரும் சுரங்கவழி சென்ற நீரும் கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தில் மீண்டும் கூடி, மகாவலியுடன் கலந்து, வயல்களை நனைத்துத் திருகோணமலைக்கருகே கடலையடைகின்றன. அடுத்தமுறை அவ்வழியே செல்லும் நேயர்கள், அருவியை நோக்குங்கால் அந்நீரின் நெடும்பயணத்தையும் நினைவிற்கொள்வார்களாக.