சொட்டு மருந்தை விட்டுவிடலாமா?



எங்கள் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கண் நீர் அழுத்த நோயுடன் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எட்டு மாதங்களாக வரவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய வலது கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. "சொட்டு மருந்து எரிந்தது, பார்வையும் கூடவில்லை. யாரோ சொன்ன மூலிகைப் பொடியைச் சாப்பிட்டேன்" என்றார். இடது கண்ணைத்தான் எங்களால் காக்க முடிந்தது.

அவரை நாங்கள் கடிந்துகொள்ளவில்லை. சொட்டு மருந்து பார்வையைக் கூட்டுவதற்கல்ல, இருப்பதைக் காப்பதற்கே என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்நோயில் பார்வை நரம்பு வலியின்றிச் சிறிது சிறிதாகப் பட்டுப்போகிறது. பெரும்பாலும் முதலில் ஓரப் பார்வை குறைவதால் நோயாளி உணர்வதில்லை. இழந்த பார்வையை மீட்க இன்றுவரை வழியில்லை. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை ஆகியவற்றால் கண்ணின் அழுத்தத்தைக் குறைப்பதே நிரூபிக்கப்பட்ட சிகிச்சை.

அப்படியானால் மற்ற முறைகளால் பயனே இல்லையா? சிலவற்றால் உண்டு. தினமும் நடப்பது அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கும். புதுடில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 90 நோயாளிகளிடம் நடத்தி, 2018-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தியானம் செய்தவர்களுக்கு அழுத்தம் குறைந்தது. ஆனால் அவர்கள் மருந்தை நிறுத்தவில்லை.

சில முறைகள் தீங்கானவை. சிரசாசனம் செய்யும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்று 2006-ல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. ஜிங்கோ மாத்திரை, இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவை உண்டாக்கலாம். தேன், தாய்ப்பால், இலைச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விட்டால் கிருமி சேர்ந்து கருவிழியில் புண் வரலாம். டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

"ஜெபிக்கிறோமே, மருந்து எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. ஜெபியுங்கள், மருந்தையும் போடுங்கள் என்றே சொல்கிறோம். வேறு எதைச் சேர்த்துக்கொண்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையில் இந்நோயுள்ள பெரியவர்களைச் சந்திக்கும்போது, "இன்று சொட்டு மருந்து போட்டீர்களா?" என்று கேளுங்கள். கை நடுங்கினால் போட்டுவிடுங்கள். அவர்களுடைய உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய்.