எங்கள் பிரதிநிதி அங்கே என்ன செய்கிறார்?

வாசலுக்கு வந்து விருப்பு வாக்குக் கேட்டவர், வென்ற பின் பாராளுமன்றத்தில் என்ன செய்கிறார் என்று தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

அனுமதியின்றித் தொடர்ந்து 3 மாதங்கள் அமர்வுகளுக்கு வராதவர் ஆசனத்தை இழப்பார் என்கிறது அரசியலமைப்பின் 66ஆம் உறுப்புரை. ஆனால் வரவு மட்டும் போதாது. நான் ஹன்சாட் அறிக்கையில் இரண்டு விடயங்களைத் தேடுவேன்: எதைப் பற்றிப் பேசினார்? எப்படி வாக்களித்தார்?

ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆம் திருத்தத்தை 2015இல் ஆதரித்தவர்களுள் பலர், அதே அதிகாரத்தை மீட்டுக்கொடுத்த 20ஆம் திருத்தத்தையும் 2020இல் ஆதரித்தார்கள். 20ஆம் திருத்தத்துக்கு ஆதரவாக 156, எதிராக 65 வாக்குகள். மேடைப் பேச்சு மறந்துபோகும்; வாக்கெடுப்புப் பட்டியலில் பெயர் நிற்கும். குரல் வாக்கெடுப்பிலோ யாருடைய பெயரும் பதிவாகாது. ஆகவே முக்கிய சட்டமூலங்களுக்குப் பெயர் பதியும் வாக்கெடுப்பைக் கேட்கும்படி உங்கள் உறுப்பினரிடம் வலியுறுத்துங்கள்.

ஹன்சாட்டில் உரைகள் பேசிய மொழியிலேயே அச்சாகின்றன. வரவு விபரத்தை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். மாதர் சங்கத்தில் நால்வர் சேர்ந்து ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அடுத்த தேர்தலில் புள்ளடி இடுமுன் அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள்.