குதிரில் நெல் இல்லை
அம்மாவின் உடம்பு – 9

பச்சரிசி டப்பாவுக்குள் என் கை இருந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். கொழுக்கட்டைக்கு ஊறப்போட அளக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்னு ஆச்சி சொன்னாங்களே. உனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே, இனிமே வராதா?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் அது ஒருநாள் கூத்தல்ல. அப்போது எனக்கு 34 வயது, இளையவனுக்கு ஒன்றரை. ஐந்தாறு மாதமாகவே தினமும் மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். மழை பெய்து மண்வாசனை வந்தால் நாக்கு ஊறும். கர்ப்பமாக இருக்கும்போது திருநீறும் பல்பமும் தின்றதாகச் சொல்லும் அக்காமார் நம் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஐஸ் கட்டியைக் கடக்முடக்கென்று கடித்துத் தின்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் 'மசக்கை ஆசை' என்று சொல்லி முடித்துவிடுவோம். இரும்புச்சத்து தீர்ந்துபோன உடம்பு இப்படி உணவல்லாததைக் கேட்கும் என்பது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அசதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூக்கம் வருவது வேறு, அசதி வேறு. தூக்கம் என்றால் தூங்கினால் தீரும். இது எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் காலையிலேயே சாயங்காலம் ஆனதுபோல இருக்கும். எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஒரு கையில் மகளின் புத்தகப் பை, இடுப்பில் மகன். பன்னிரண்டாவது படியில் நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கும், காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். மாடியிலிருந்து யாராவது இறங்கி வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வேன். ஒரு பிள்ளைக்காரி படியேற முடியாமல் நிற்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். அந்தப் பன்னிரண்டாவது படியின் ஓரம் உடைந்திருக்கும். அதன் வடிவம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

அதைவிட வலித்தது ஒன்று உண்டு. பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்காக ஒருநாள் மகளை அடித்துவிட்டேன். கோபத்தினால் அல்ல, குனிந்து துடைக்க வேண்டுமே என்று நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்து, அந்த அழுகைதான் கையாகப் போய் விழுந்தது. நான் கெட்ட அம்மா என்றே அன்றிரவு முடிவு செய்துகொண்டேன். உடம்பில் ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. "ரெண்டு பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

முதலில் பார்த்த மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 11.6 என்று சீட்டு வந்தது. "பார்டர்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பார்டர் என்ற சொல் எத்தனை பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்த டாக்டரம்மா சீட்டைக் கையில் வாங்கவில்லை. என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைத் தடவிப் பார்த்தார். "மாசத்துக்கு எத்தனை நாள் போகுது? நாப்கின் எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துறீங்க? கட்டி கட்டியா போகுதா? ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா?" பிரசவம் முடிந்து இத்தனை நாளில் இந்தக் கேள்விகளை ஒருவரும் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லோரும் பிள்ளை என்ன எடை, பால் போதுகிறதா என்றுதான் கேட்டார்கள். பிறகு ஃபெரிட்டின் என்ற சோதனை எழுதிக் கொடுத்தார். விடை 6. பதினைந்துக்குக் கீழே இருந்தாலே சேமிப்பு காலி என்று அர்த்தம்.

அவர் விளக்கியதை நான் எங்கள் ஊர் வழக்கில் இப்படிப் புரிந்துகொண்டேன். ஹீமோகுளோபின் என்பது அடுப்பில் இருக்கும் பானைச் சோறு. ஃபெரிட்டின் என்பது குதிரில் இருக்கும் நெல். குதிர் வழித்துத் துடைத்துக் காலியான பிறகும் சில நாள் பானையில் சோறு இருக்கும். பானையை மட்டும் எட்டிப் பார்த்தவர் "சோறு இருக்கே" என்பார். (காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். அதனால் உடம்பு சரியான பிறகு பார்ப்பது நல்லது.)

குதிர் ஏன் காலியானது என்பது வெறும் வரவு செலவுக் கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான். சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் உடம்பு எடுத்துக்கொள்வது 1 அல்லது 2 மில்லிகிராம். ஒரு கர்ப்பம் முடியும்போது ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் செலவாகியிருக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு. மாதவிலக்கில் 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் போயிற்று. முப்பது நாள் வரவு அப்படியே கரைந்தது. இரண்டு பிரசவம், இடையில் மாதாமாதம் பெரும்போக்கு. எனக்கு அசதி வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். 2019–21-இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். தெருவில் எதிரே வரும் இரண்டு பெண்களில் ஒருத்தி பன்னிரண்டாவது படியில் நிற்கிறாள்.

அரசு இதற்கு மாத்திரை தருகிறது. சிவப்பு மாத்திரை: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். அந்த இரண்டாவது 180 நாளை நம்மில் எத்தனை பேர் முடித்தோம்? என் மாத்திரை அட்டைகள் ஃபிரிட்ஜின் தலைமேல் கிடந்தன. மலச்சிக்கல், கறுப்பாகப் போவது, வயிற்றைப் புரட்டுவது. பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இதை யார் தாங்குவது என்று நிறுத்திவிட்டேன். கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு என்று ஒருவர் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

அந்த மாத்திரையின் மறுபாதியான ஃபோலிக் அமிலத்துக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1928-இல் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னையில் அன்று கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கப்பட்ட இடத்திலும் வேலை செய்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அவர்களைக் குணமாக்கியதைக் கண்டார். அதிலிருந்த சத்துதான் ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது. ஏழைத் தாய்களின் சோர்வை நோய் என்று மதித்து அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

தட்டுக்கு வருகிறேன். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகாது. பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் நல்லவைதான், ஆனால் இரும்புக்கு அவற்றை நம்பி இருக்க முடியாது. முருங்கைக்கீரையில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான்; எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் கூடும். இறைச்சி, ஈரல், சுவரொட்டியில் உள்ள இரும்பு எளிதில் சேரும். எங்கள் வீட்டில் சுவரொட்டி வாங்கிய நாள்களை எண்ணிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு, அவருக்கு, மாமாவுக்கு என்று வைத்துவிட்டு நான் உட்காரும்போது சட்டியில் மசாலா மட்டும் ஒட்டியிருக்கும். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. கடைசியில் உட்காருகிறவளுக்கு மிஞ்சுவது அதுதான். இப்போது எனக்கு முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுகிறேன். புளிக்குழம்பு இரும்புச் சட்டிக்கு மாறிவிட்டது. (கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி ஈரல் ஆகாது, வைட்டமின் ஏ கூடிவிடும்.)

மாத்திரையை டாக்டரம்மா ஒன்றுவிட்டு ஒருநாள் போடச் சொன்னார். ஒரு வேளை போட்டதும் ஹெப்சிடின் என்ற சுரப்பு ஏறிக் குடலின் கதவைச் சாத்திவிடுமாம். மறுநாளே போட்டால் அதில் சேருவது குறையும். ஜூரிக் நகர ஆய்வாளர்கள் 2017-இல் இதை இளம்பெண்களிடம் காட்டியிருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் ரத்தம் மிகக் குறைந்தவர்களும் மாத்திரை போடும் முறையைத் தாங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம். அசதி என்றால் எல்லாமே இரும்பும் இல்லை. தைராய்டு, பி12, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று வேறு காரணங்களும் உண்டு. அளக்காமல் விழுங்குவது சரியில்லை.

பச்சரிசி ஆசை இரண்டாவது வாரத்திலேயே போய்விட்டது. படி இரண்டு மாதம் எடுத்தது. நான்காவது மாதம் ஃபெரிட்டின் 38.

ஒன்று பாக்கி இருக்கிறது. மத்தியானம் நான் சாப்பிட்டு முடித்ததும், "களைச்சுப் போயிருக்க, இதைக் குடிம்மா" என்று அத்தை சூடாக டீ கொண்டுவந்து தருவார்கள். அந்த வீட்டில் நாள் முழுக்க என்னை உட்காரச் சொன்ன ஒரே குரல் அது. சாப்பாட்டோடு சேரும் டீ இரும்பைச் சேரவிடாது என்று டாக்டரம்மா சொன்னபோது, இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதல் கவலை. இரண்டு நாள் தயங்கிச் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாப்பிட்டு எழுந்தபோது என் முன்னால் பாதி நெல்லிக்காயும் உப்பும் இருந்தன. டீ பிளாஸ்க்கில் ஊற்றி அலமாரி மேல்தட்டில் வைக்கப்பட்டிருந்தது. மூன்று மணி அடிக்கும்வரை அதன் மூடியை யாரும் தொடக் கூடாது என்று என் மகளிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

(தொடரும்)