பதினெட்டாயிரத்துக்கு 'ஐ7 கேமிங் பிசி': வாங்குமுன் எந்த ஆண்டுப் பொருள் என்று கேளுங்கள்

"ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினெட், ஒரு வருட வாரண்டி. விலை 18,000 மட்டுமே." இப்படியொரு விளம்பரம் கைபேசியில் வந்து நிற்காத பிளஸ் டூ மாணவர் இன்று தருமபுரி மாவட்டத்தில் அரிது. அதில் இருப்பதில் ஒரு வரிகூடப் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஐ7 என்ற பெயரை இன்டெல் 2008 முதல் பயன்படுத்திவருகிறது. ஆகவே பெயரைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் வரும் எண்தான் பேசும். இந்த விலையில் விற்கப்படுவது பெரும்பாலும் ஐ7-2600 அல்லது அதையொட்டியது. இன்டெல் அதை வெளியிட்டது 2011 ஜனவரியில். நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் 2 என்றால் இரண்டாம் தலைமுறை, 3 என்றால் மூன்றாம் தலைமுறை. இன்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளை பால்வாடிக்குப் போன காலத்துப் பொருள் அது.

இவை எங்கிருந்து வருகின்றன? பெரிய நிறுவனங்கள் அலுவலகத்தில் பயன்படுத்தி ஒதுக்கிய கம்ப்யூட்டர்கள் மொத்தமாக ஏலத்தில் போகின்றன. அவற்றிலிருந்து பிராசசரையும் ரேமையும் கழற்றி, சீனாவில் இன்றும் தயாராகும் எச்61 வகை மதர்போர்டில் பொருத்துகிறார்கள். போர்டு புதிது, அதன் வடிவமைப்பு 2011ஐச் சேர்ந்தது. ரேம் டிடிஆர்3. சுற்றிலும் கண்ணாடிக் கேபினெட், உள்ளே நிறம் மாறும் நான்கு விசிறிகள். பில் டைப் செய்யவும் கணக்குப் பார்க்கவும் இது தாராளமாகப் போதும். அப்படிச் சொல்லி ஏழாயிரம் எட்டாயிரத்துக்கு விற்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'கேமிங்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் விலை இரு மடங்குக்கும் மேலாகிறது.

வருடம் ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசசரும் வேண்டும். பழைய போர்டிலும் அந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறார்கள். திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. நம் பிள்ளைகள் அதிகம் கேட்கும் வாலரண்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இல்லாமல் திறக்காது. பேட்டில்ஃபீல்டு 6ம் செக்யூர் பூட் கேட்கிறது. இவை தவிர, ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பை இன்டெல் 2013இல்தான் தன் பிராசசர்களில் சேர்த்தது. ஐ7-2600இல் அது கிடையாது. அது இல்லாத கம்ப்யூட்டரில் சில புதிய விளையாட்டுகள் தொடங்கவே செய்யாது. ரேமைக் கூட்டினாலும் இந்தக் குறை தீராது.

அடுத்தது அந்த '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு'. ஜிபி என்பது கார்டின் நினைவகம். வேலை செய்யும் வலு வேறு. இந்த வகைக் கம்ப்யூட்டர்களில் வழக்கமாக இருப்பது 2014இல் வந்த ஜிடி 730. அதன் கெப்ளர் வகையில் 384 கோர்கள். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இல் 896 கோர்கள், அவையும் புதிய தலைமுறையைச் சேர்ந்தவை. இரண்டின் பெட்டியிலும் '4 ஜிபி' என்றுதான் அச்சிட்டிருக்கும். கெப்ளர் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2021இல் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு நின்றுபோயின.

இதைவிட மோசமானவை போலிக் கார்டுகள். 2010, 2011இல் வந்த ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி, கம்ப்யூட்டரே 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று காட்டும்படி செய்துவிடுகிறார்கள். உலகம் முழுக்க இது நடந்ததால், 2018 செப்டம்பரில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய கார்டுகளைக் கண்டுபிடிக்கும் வசதியைச் சேர்த்தது. போலி என்றால் கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும். அதே ஆண்டில்தான் 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்ற கார்டும் சீனச் சந்தைக்கு வந்தது. உண்மையான ஆர்எக்ஸ் 580இல் 2304 கோர்கள். 2048 கோர்கள் ஆர்எக்ஸ் 570இன் கணக்கு. பெயரில் 580, உள்ளே 570. கிரிப்டோ மைனிங்கில் இரவும் பகலும் ஓடிய கார்டுகளும் சந்தையில் உண்டு. 2022 செப்டம்பர் 15இல் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியபோது உலகெங்கும் மைனிங் கூடங்கள் கைவிட்ட கார்டுகள் கழுவித் துடைத்துச் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்டு கெட்டுவிடாது. ஆனால் அதை மறைத்துப் 'புதுசு' என்று விற்பது மோசடி.

இனி, யாரும் கேட்காத பாகம்: கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். வீட்டுக்கு உண்மையான ஆபத்து வருவது இதிலிருந்துதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் '450 வாட்'. கீழே சிறு கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆம்பியர் போட்டிருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட்டில். அந்தக் கட்டத்தில் 14 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 14, மொத்தம் 168 வாட். மேலே இருக்கும் 450க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்எக்ஸ் 580 கார்டு மட்டும் 185 வாட் இழுக்கும். அப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கார்டை மாட்டினால், விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணையும். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும். மட்டமானது கருகும், போகும்போது மதர்போர்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

எர்த் விஷயம் தருமபுரிக்கு இன்னும் நெருக்கமானது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் உலோகத்துக்கு இரண்டு சிறு கெபாசிட்டர்கள் போகும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்கு இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினெட்டின் மேலேயே நிற்கும். 'சிபியுவைத் தொட்டா சுர்னு இழுக்குது' என்று வீடுகளில் சொல்வது இதைத்தான். இந்த மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் கெட்டு முழு மின்சாரமும் கேபினெட்டில் ஏறும் நாளில், ஆளைக் காப்பாற்ற வேண்டியதும் அதே எர்த் கம்பிதான். நம் மாவட்டத்தில் பெரும்பகுதி கடும்பாறை நிலம், மழையும் குறைவு. காய்ந்த பாறை மண்ணில் எர்த் எளிதில் பிடிக்காது. கரியும் உப்பும் போட்ட குழி என்றால் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை விட்டுவிட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகும் வீடுகளும் உண்டு. கம்ப்யூட்டர் வாங்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். விளையாட்டுக்கென்றே வரும் கன்சோல்களான பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இரண்டும் இரட்டை இன்சுலேஷன் கொண்டவை, இரண்டு முள் வயரில் ஓடுபவை. எர்த்தை நம்பியிருப்பவை அல்ல. இந்த வேறுபாட்டை எந்தக் கடையிலும் யாரும் சொல்வதில்லை.

மின்கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். சுமார் 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரில் தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். முதல் 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கியிருந்த வீடு அதைத் தாண்டிவிடக்கூடும்.

அப்படியானால் கன்சோல்தானா? விலையை நேர்மையாக ஒப்பிடுவோம். பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2ஆம் தேதி, டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அது 54,990 ஆனது. அதற்குள் எட்டுக் கோர் பிராசசர், 16 ஜிபி அதிவேக நினைவகம், எஸ்எஸ்டி, 10.28 டெராஃப்ளாப் கிராபிக்ஸ் எல்லாம் இருக்கின்றன. அதே வலுவைப் புதிய பாகங்களால், பில்லோடு, விண்டோஸ் உரிமத்தோடு அசெம்பிள் செய்தால் செலவு கூடத்தான் செய்யும், மானிட்டர் தனி. சோனி ஒரே மாதிரிப் பெட்டியைக் கோடிக்கணக்கில் செய்கிறது. லாபத்தை விளையாட்டு விற்பனையிலும் சந்தாவிலும் எடுத்துக்கொள்கிறது. கடைக்காரருக்கு அந்த வழி கிடையாது. ஆகவே '18,000க்கு பிஎஸ்5 அளவு பவர்' என்று யார் சொன்னாலும் அது நடக்காத காரியம். போதாக்குறைக்கு, ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதில் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை பன்மடங்கு ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் தன் 'க்ரூஷியல்' சில்லறை விற்பனையையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மலிவாக அசெம்பிள் செய்வதற்கு இது கெட்ட காலம்.

கன்சோலிலும் பள்ளங்கள் உண்டு. டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் விலை குறைவு. ஆனால் விளையாடி முடித்ததை விற்கவோ நண்பனுக்குக் கொடுத்து வாங்கவோ முடியாது. சோனியின் புதுப் பெரிய விளையாட்டு ஒன்று 4,999 ரூபாய் விற்கும்போது இது சிறிய விஷயமல்ல. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆட, தனிச் சந்தா கட்ட வேண்டும். 100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம். தினம் 2 ஜிபி ரீசார்ஜை நம்பியிருக்கும் வீட்டில், வேறு எதற்கும் தொடாமல் இருந்தாலும் அதை இறக்க ஐம்பது நாளாகும். ஏரியூர்ப் பக்கமோ சித்தேரி மலையிலோ சிக்னல் தேடுபவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். 'இம்போர்ட் பீஸ்' என்று பில் இல்லாமல் வரும் கன்சோலுக்கு இந்தியாவில் வாரண்டி கிடைக்காது. '30 கேம் உள்ளேயே இருக்கு' என்று விற்கப்படும் பழைய பிஎஸ்4 ஜெயில்பிரேக் செய்தது; ஆன்லைனில் இணைத்தால் தடை செய்யப்படும். டிவியில் செருகும் 'பத்தாயிரம் கேம் 4கே ஸ்டிக்'கில் இருப்பவை எண்பதுகள், தொண்ணூறுகளின் விளையாட்டுகள். ஜிடிஏ 6க்காகக் கம்ப்யூட்டர் கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: 2026 நவம்பர் 19 வெளியீடு என்று அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் அறிவித்தது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டுமே, அந்த அறிவிப்பில் கம்ப்யூட்டர் இல்லை.

'படிப்புக்கும் ஆகும்பா' என்பதுதான் கடைசியில் வீட்டை ஒத்துக்கொள்ள வைக்கும் வார்த்தை. பாலக்கோட்டில் தக்காளி விற்ற காசிலோ, ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து அனுப்பிய காசிலோ ஒரு குடும்பம் முதல் கம்ப்யூட்டரை வாங்கும்போது அந்த வார்த்தை உண்மையாக இருக்க வேண்டும். அப்டேட் வராத, திருட்டு விண்டோஸ் போட்ட, கிராக் விளையாட்டு நிறைந்த கம்ப்யூட்டரில் அப்பாவின் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. 2024 டிசம்பர் 31 முதல் பரவிய 'ஸ்டாரிடோப்ரி' என்ற நச்சுநிரலைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கை ஆராய்ந்தது. இலவசமாகக் கிடைத்த விளையாட்டுகளுக்குள் ஒளிந்து வந்து, பயனரின் கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரியாமல் கிரிப்டோ மைனிங் செய்தது அது.

என் தீர்ப்பு இதுதான். விளையாட்டு மட்டுமே நோக்கம், கையில் காசும் இருக்கிறது என்றால், இந்திய வாரண்டியோடு டிஸ்க் உள்ள கன்சோல். படிப்பு உண்மையான நோக்கம் என்றால், ரைசன் 5 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட புதிய பிராசசரில், தரமான எஸ்எம்பிஎஸ்ஸோடு எளிய கம்ப்யூட்டர். வாலரண்டும் ஜிடிஏ 5ம் அதிலேயே ஓடும், கிராபிக்ஸ் கார்டை இரண்டு வருடம் கழித்துச் சேர்க்கலாம். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப் என்று 2025-26 தமிழக பட்ஜெட் அறிவித்தது; அந்த வரிசையில் உங்கள் பிள்ளை இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பணம் போதவில்லை என்றால் காத்திருங்கள். 18,000 ரூபாய் 'கேமிங் பிசி'யை வாங்காதீர்கள்.

பெங்களூரு எஸ்பி ரோட்டிலோ, சேலத்திலோ, சென்னை ரிச்சி தெருவிலோ, நம் ஊர்க் கடையிலோ எங்கே வாங்கினாலும், கம்ப்யூட்டரை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் முழு எண்ணை நீங்களே படியுங்கள். ஜிபியு-இசட்டைத் திறக்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைக் கைபேசியில் படமெடுங்கள். "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் சேரும் தம்பி, வேணாம்ல?" என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லுங்கள். பிராசசர், மதர்போர்டு, கார்டு மூன்றின் முழுப் பெயரும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். ஏமாற்றப்பட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.