முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

கடந்த மார்ச் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள எம்ஆர்டி நிலையத்தின் வாசலில், முன்பின் தெரியாத ஓர் இளையரிடம் 190 வெள்ளி கொடுத்து ஒரு பழைய கிராஃபிக்ஸ் அட்டையை வாங்கினேன். துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து மூன்று மாதமாகச் சேர்த்த பணம் அது. வீட்டுக்கு வந்து கணினியின் மூடியைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த அட்டை அதற்குள் போகவே போகாது என்று.

நான் பல்கலைக்கழகத்தில் தரவு அறிவியல் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவி. கிராஃபிக்ஸ் அட்டைகளில் இயங்கும் நிரல்களை வகுப்பில் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக் கணினியின் மூடியை அதுவரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

36 மணி நேரம்

அட்டை எனக்காக வாங்கப்பட்டதன்று, உயர்நிலை நான்கில் பயிலும் என் தம்பிக்காக வாங்கப்பட்டது. அவனுக்கு அசைவூட்டம் என்றால் உயிர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் அதையே படிக்க விரும்புகிறான். சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வருவதற்கு முன்பே, திறமையையும் ஆர்வத்தையும் காட்டி விண்ணப்பிக்கும் ‘இஏஇ’ முறையில் சேர முயல்கிறான். அதற்கு நல்ல படைப்புத் தொகுப்பு ஒன்று தேவை.

‘பிளெண்டர்’ என்னும் இலவச மென்பொருளில் அவன் ஒரு பத்து விநாடிப் படத்தை உருவாக்கியிருந்தான். எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் தனியாக ஏறி, பத்தாவது மாடிக்குப் போகும் ஒரு பூனையின் கதை. விநாடிக்கு 24 படம் என்றால் பத்து விநாடிக்கு 240 படங்கள். எங்கள் கணினி ஒரு படத்தை வரைந்து முடிக்க ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. மொத்தம் 36 மணி நேரம். இருபதாவது மணி நேரத்தில் அம்மா பழக்க தோஷத்தில் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டார். மறுநாள் பார்த்தபோது பூனையின் வால் ஓரிடத்தில் சுவருக்குள் புகுந்திருந்தது தெரிந்தது. திருத்தி மீண்டும் வரைய வேண்டும். தம்பி ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டான். அன்று இரவுதான் நான் அட்டை தேடத் தொடங்கினேன்.

பரோட்டாக் கடைக் கணக்கு

கிராஃபிக்ஸ் அட்டை என்ன செய்கிறது என்பதை ஒரு பரோட்டாக் கடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கணினியின் மையச் செயலி, எல்லா வேலையும் தெரிந்த நான்கு சமையல்காரர்களைப் போன்றது. எங்கள் கணினியில் இருப்பது 2015இல் வெளிவந்த நான்கு கருக்கள் கொண்ட ஐ5-6500 செயலி. கிராஃபிக்ஸ் அட்டையோ, பரோட்டா தட்ட மட்டுமே தெரிந்த ஆயிரக்கணக்கான உதவியாளர்களைப் போன்றது. ஒரு படத்தில் உள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் ஒரே வகைக் கணக்கைப் போட வேண்டும் என்னும்போது இரண்டாவது கூட்டம்தான் வெல்லும்.

செயற்கை நுண்ணறிவிலும் இதே கதைதான். 2012இல் ‘இமேஜ்நெட்’ போட்டியில் வென்று, படங்களைக் கணினிக்கு அடையாளம் காட்டும் துறையையே புரட்டிப்போட்ட ‘அலெக்ஸ்நெட்’ கட்டமைப்பு, விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளில்தான் பயிற்றுவிக்கப்பட்டது. ஒவ்வோர் அட்டையிலும் இருந்த நினைவகம் 3 ஜிகாபைட். ஒன்றில் அடங்காததால் கட்டமைப்பை இரண்டாகப் பிரித்தார்கள். அட்டையின் வேகத்தைப் போலவே அதன் நினைவகமும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். அதனால்தான் 6 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 2060 அட்டையை நல்ல விலையில் கண்டதும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். அட்டையைப் பற்றி இரண்டு வாரம் படித்தேன். அது போய் உட்காரவேண்டிய பெட்டியைப் பற்றி இரண்டு நிமிடம்கூடப் படிக்கவில்லை.

முதல் கேள்வி: இடம்

எங்கள் கணினி, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்தபின் புதுப்பித்து விற்கப்படும் ஒல்லியான வகை. மேசைமேல் இடத்தை அடைக்காது என்று அம்மா ஆசையாக வாங்கியது. இத்தகைய பெட்டிகளில் ‘லோ புரொஃபைல்’ எனப்படும் பாதி உயர அட்டைகள்தான் நுழையும். நான் வாங்கியது முழு உயர அட்டை. நீளமும் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர்.

“மூடியப் போடாம அப்படியே விட்றலாமே, அக்கா?” என்றான் தம்பி. எனக்கும் அது சரியென்றே பட்டது. அட்டையின் பின்புறத் தகட்டைக் கழற்றிவிட்டால் அது பலகையில் செருகி நிற்கும், வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதானே?

இரண்டாவது கேள்வி: மின்சாரம்

அடுத்த தடை அங்கே காத்திருந்தது. அட்டையின் மேல்புறத்தில் எட்டு ஊசிகள் கொண்ட மின்இணைப்பு ஒன்று இருந்தது. அதில் செருகுவதற்கான கம்பி எங்கள் கணினியின் பவர் சப்ளையில் இல்லை. இணையத்தில் தேடினேன். வன்தட்டுக்குப் போகும் ‘சாட்டா’ மின்கம்பியை எட்டு ஊசி இணைப்பாக மாற்றித் தரும் ஒரு குட்டிக் கம்பி ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது. வாங்கப் போகும் நேரத்தில் அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார்.

அப்பா மின்பணியாளர். கணினி பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் வாட், ஆம்பியர் என்றால் அவரிடம் யாரும் விளையாட முடியாது. கீழே குனிந்து, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த சிட்டையை முதலில் படித்தார். 240 வாட்.

“இந்த அட்டைக்கு எவ்ளோ வேணும்?”

“160 வாட், அப்பா. செயலிக்கு 65. மொத்தம் 225தான். 240க்குள்ள வருதே?”

“மத்த சாமானெல்லாம் காத்தக் குடிச்சா ஓடும்? அதுவும் ராத்திரி முழுக்க முழு லோடுல ஓட்டப் போறீங்க. சரி, அந்தக் குட்டிக் கம்பி எவ்ளோ தாங்கும்?”

அதை நான் தேடிப் பார்க்கவே இல்லை. இருவரும் உட்கார்ந்து தேடினோம். சாட்டா மின்இணைப்பின் 12 வோல்ட் ஊசிகள் சேர்ந்து தாங்குவது 4.5 ஆம்பியர். பெருக்கினால் 54 வாட். எட்டு ஊசி இணைப்பின் வழியாக அட்டை 150 வாட் வரை இழுக்கலாம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

“சின்ன கம்பியில பெரிய லோடு இழுத்தா என்ன ஆகும்னு எத்தனையோ வீட்டுல பாத்திருக்கேன். கருகிப்போன பிளக்க மாத்துறதே என் பொழப்பு. நீங்க தூங்குற அறையில இத ஓட விட்டுட்டுத் தூங்கப் போறீங்களா?”

நான் பதில் பேசவில்லை. தம்பியின் கட்டிலும் அந்தக் கணினியும் ஒரே அறையில்தான் இருக்கின்றன.

பெரிய பவர் சப்ளையாக மாற்றிவிடலாமா என்றும் பார்த்தோம். சாதாரண மேசைக் கணினியில் அது எளிது. எங்கள் கணினியில் அதன் வடிவமும் தனி, பலகையோடு சேரும் இணைப்பும் தனி. கடையில் விற்கும் 24 ஊசி இணைப்பு அதில் சேராது. அலுவலகக் கணினிகள் பலவற்றில் இந்தச் சிக்கல் உண்டு.

மூன்றாவது கேள்வி: செருகுமிடம்

தவற்றை ஒப்புக்கொண்டு, அட்டையை வேறொருவரிடம் 160 வெள்ளிக்கு விற்றேன். 30 வெள்ளி நட்டம். இம்முறை பெட்டியிலிருந்து தொடங்கினோம். அப்பா அளவுநாடாவைப் பிடித்தார், தம்பி எண்களை எழுதினான்.

கிராஃபிக்ஸ் அட்டை செருகும் இடத்துக்குப் ‘பிசிஐ எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அதன் தலைமுறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். 4.0 தலைமுறை அட்டையை 3.0 பலகையில் செருகினால் வேலை செய்யும், தகவல் செல்லும் வேகம்தான் பாதியாகும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலிவான அட்டைகள் சில, 16 தடங்கள் உள்ள இடத்தில் அமர்ந்தாலும் நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்தும். ஆர்எக்ஸ் 6400 அத்தகையது. எங்களுடையதைப் போன்ற 3.0 பலகையில் அதற்கு விநாடிக்குச் சுமார் 4 ஜிகாபைட் பாதைதான் கிடைக்கும். விளையாட்டுகளில் அது இடிக்கக்கூடும்.

இன்னொரு செய்தி எங்களுக்கு வழிகாட்டியது. செருகுமிடம் வழியாகவே ஓர் அட்டைக்கு 75 வாட் வரை மின்சாரம் கிடைக்கலாம் என்பது பொது வரையறை. சில ஒல்லியான கணினிகளில் இந்த வரம்பு இன்னும் குறைவு என்பதால் கணினியின் கையேட்டைப் பார்ப்பது அவசியம். எங்கள் கையேடு 75 வாட் என்றது. ஆக எங்களுக்கு வேண்டியது பாதி உயரம், 75 வாட்டுக்குள், தனி மின்கம்பி தேவைப்படாத அட்டை. ஆர்டிஎக்ஸ் 3050 அட்டையின் 6 ஜிகாபைட் வகை 70 வாட்தான் எடுக்கும், எட்டுத் தடங்களைப் பயன்படுத்தும். அதில் பாதி உயரத்தில் வரும் ஒன்றைச் சிம் லிம் ஸ்குவேரில் தேடிப் பிடித்தோம். விலை 250 வெள்ளிக்குச் சற்று மேல். கையிலிருந்த 160 வெள்ளிக்கு மேல் தேவைப்பட்டதில் பாதியை அப்பா கொடுத்தார்.

பூட்டியும் ஓடவில்லை

அட்டையைப் பொருத்தி இயக்கினோம். ஒரு படத்துக்கு அதே ஒன்பது நிமிடம். தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செய்த பிழைகள் இரண்டு. திரையின் கம்பியை அட்டையில் செருகாமல், பழையபடி பலகையிலேயே செருகியிருந்தோம். அது விளையாட்டுகளுக்கு முக்கியம். பிளெண்டரில் வேறு காரணம். அதன் அமைப்புகளில் அட்டையைத் தேர்வுசெய்து, பிறகு அந்தக் கோப்பிலும் ‘ஜிபியு’ என்று மாற்றினால்தான் அது அட்டையைப் பயன்படுத்தும். இரண்டையும் சரிசெய்தோம். ஒரு படத்துக்கு 45 விநாடி. 36 மணி நேர வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. பூனையின் வாலைத் தம்பி அதன்பின் நான்கு முறை திருத்தினான்.

இதனால் எங்கள் கணினி புதிதாகிவிடவில்லை. நான்கு கருச் செயலியால் சில புதிய விளையாட்டுகள் இன்னும் திணறுகின்றன. வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் மெதுவாக இருந்தால் ஆயிரம் உதவியாளர்கள் இருந்தும் பயனில்லை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் செயலிகளின் பட்டியலிலும் அது இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பெட்டியில் இதற்குமேல் செலவழிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அடுத்த கணினி வாங்கும்போது அட்டையைக் கழற்றி அதில் பொருத்திக்கொள்ளலாம்.

உங்களுக்கு அட்டை தேவையா?

கட்டுரை எழுதவும் படைப்புக்காட்சி தயாரிக்கவும் மட்டும் கணினியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், உங்களுக்குப் பெரும்பாலும் அட்டை தேவையில்லை. பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி, கொஞ்சம் கூடுதல் ரேம் என்று மாற்றினாலே வித்தியாசம் தெரியும். முப்பரிமாண வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவு, விளையாட்டு என்றால் வாங்கும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்:

• பெட்டிக்குள் இருக்கும் இடத்தின் நீளம், உயரம், தடிமன்.
• பவர் சப்ளையின் வாட் அளவும், அதிலுள்ள ஆறு அல்லது எட்டு ஊசிக் கம்பிகளின் எண்ணிக்கையும்.
• பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறை, அட்டை பயன்படுத்தும் தடங்கள்.
• செயலியின் வயது.
• உங்கள் மென்பொருள் எந்த அட்டையை ஆதரிக்கிறது, எவ்வளவு நினைவகம் கேட்கிறது.

பழைய அட்டை வாங்குவதாக இருந்தால், அது ஓடுவதை நேரில் காட்டச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டம், கடைகளில் வாங்கும் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். ஆனால் என்னைப் போல் எம்ஆர்டி வாசலில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எனக்கு விற்றவர் நேர்மையானவர், அட்டையும் நன்றாகவே இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்காதது நான்தான்.

தம்பி தன் தொகுப்பைத் தயார்செய்துவிட்டான். இடம் கிடைக்குமா என்பது பிறகுதான் தெரியும். அப்பா மட்டும் தன் வேலைப் பழக்கத்தை விடவில்லை. மின்பெட்டிகளில் ஒட்டுவதைப் போலவே கணினியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாளை ஒட்டி, கறுப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்: “240 வாட். அட்டை 70. செயலி 65.” அதற்குக் கீழே, அம்மாவுக்காக: “சுவிட்ச்சை அணைக்காதே.”